இரும்பு விலைக்கு எஞ்சினை விற்க வேண்டாம்

தில்லையடி ஒழுங்கைகளில் பழைய இரும்பு வாங்குபவரின் குரல் கேட்காத கிழமை இல்லை. உடைந்த கதிரை, செத்த பற்றறி, துருப்பிடித்த தகரம் ஆகியவற்றோடு சேர்ந்து அவரது தராசில் அடிக்கடி ஏறுவது ஒரு நீரிறைக்கும் எஞ்சின். வேலியோரத்தில் பொலித்தீன் போர்த்திக் கிடந்தது. இரண்டு போகமாக ஓடவில்லை. திருத்தக் கொடுத்த இடத்தில் "இது இனிச் சரிவராது, புதிசு வாங்குங்க" என்று சொல்லிவிட்டார்கள். மாரி தொடங்கினால் இன்னும் துருப்பிடிக்கும் என்ற பயத்தில், கிலோவுக்குக் கிடைக்கும் காசை வாங்கிக்கொண்டு எஞ்சினை ஏற்றி அனுப்பிவிடுகிறோம். அடுத்த போகத்துக்கு முன் பம்ப் ஒன்று வாங்கக் கடன் கேட்டு அலைகிறோம்.

இந்த வழக்கம் பிழையானது என்பதே எமது கருத்து. அப்படி விற்கப்படும் எஞ்சின்களில் பல உயிர் போனவை அல்ல. அவற்றைத் திறந்து பார்க்க ஆளில்லை, அவ்வளவுதான்.

இங்குள்ள குடும்பங்களுக்கு ஒரு எஞ்சின் என்பது என்ன என்று வெளியிலிருந்து வருபவர்களுக்குத் தெரிவதில்லை. 1990 ஒக்ரோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம் மக்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். கிணற்றடியில் நின்ற பம்ப் அங்கேயே நின்றது. புத்தளத்துக்கு வந்து முகாம் கொட்டிலில் குந்தியிருந்தவர்கள், கற்பிட்டிப் பக்கத்து வெங்காயத் தோட்டங்களிலும் மிளகாய்த் தோட்டங்களிலும் கூலிக்குப் போனார்கள். அந்தக் கூலியில் மிச்சம் பிடித்து, குத்தகைக்கு ஒரு துண்டு நிலம் எடுத்து, ஒருவர் கழித்துவிட்ட எஞ்சினை அரை விலைக்கு வாங்கியவர்கள் உண்டு. கூலிக்காரராக இருந்தவர் மீண்டும் கமக்காரர் ஆனது அந்த எஞ்சின் வீட்டுக்கு வந்த அன்றுதான். அதை இரும்பு விலைக்குக் கொடுக்கும்போது அவர் திரும்பவும் எங்கே போகிறார் என்பதை நாம் யோசிக்க வேண்டும்.

இந்த எஞ்சின்களோடு வடபகுதிக் கமக்காரருக்கு நீண்ட உறவு. துலா மிதித்தும் பட்டையால் இறைத்தும் தோட்டம் செய்த காலம் போய், கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் மண்ணெண்ணெயில் ஓடும் பம்புகள் கிணற்றடிகளுக்கு வந்தன. 1970க்கும் 1977க்கும் இடையில் அன்றைய அரசு மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது தோட்டக்காரரின் கையில் காசு புழங்கியது, பம்புகளும் பெருகின. பம்ப் பெருகிய இடங்களில் அதைத் திறந்து பூட்டத் தெரிந்தவர்களும் பெருகினார்கள். யாழ்ப்பாண நகரில் பழைய இரும்பு, இரும்புச் சாமான் வியாபாரத்தில் முஸ்லிம் குடும்பங்களுக்குப் பெரிய பங்கு இருந்தது. எந்த எஞ்சினின் எந்தப் பாகம் இன்னொன்றுக்குப் பொருந்தும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். வெளியேறும்போது கடையையும் சாமானையும் விட்டுவிட்டு வந்தார்கள். அந்த அறிவு அவர்களோடு கூடவே வந்தது. அதைச் சோதனைச் சாவடியில் யாரும் பறிக்க முடியாது. ஆனால் முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அன்று நாற்பது வயதாக இருந்தவருக்கு இன்று எழுபது தாண்டிவிட்டது. அவரது பேரனுக்குக் கைத்தொலைபேசியின் உள்ளுறுப்பு தெரியும். வால்வு எதற்கு இருக்கிறது என்று தெரியாது. பேரனைக் குறை சொல்லவில்லை. அவனுக்கு யாரும் காட்டவில்லை.

ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினைப் போலத் திருத்தத் தோதான இயந்திரம் வேறில்லை. ஒரு பிஸ்ரன், இரண்டு வால்வு, ஒரு கிராங், ஒரு பறக்கும் சில்லு. உள்ளே நடப்பதெல்லாம் கண்ணால் பார்த்து விளங்கக்கூடியவை. இங்கிலாந்தில் டேர்ஸ்லி என்ற சிறு நகரத்தில் லிஸ்டர் கம்பனி செய்த டீசல் எஞ்சினை வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இரண்டு பெரிய சில்லுகளோடு, நிமிடத்துக்கு 650 சுற்று மட்டும் சுற்றி, 'டுக் டுக்' என்று ஊருக்கே கேட்கும்படி ஓடும். கிராங்கைப் பார்க்க வேண்டுமென்றால் பக்கத்தில் ஒரு மூடி இருக்கும். அதைக் கழற்றிக் கையை விடலாம். திருத்துபவனை மனதில் வைத்தே செய்த எஞ்சின் அது. இங்கிலாந்தில் அதன் உற்பத்தி 1987இல் நின்றது. ஆயினும் குஜராத்தின் ராஜ்கோட் பட்டறைகள் அதே வடிவத்தைத் தொடர்ந்து வார்த்துக் கடைந்து வந்தன. செய்தவன் விட்ட பிறகும் ஒரு இயந்திரம் உயிரோடு இருக்கிறதென்றால், திருத்தத் தெரிந்த கைகள் இருந்ததே அதற்குக் காரணம்.

இன்று எம்மிடம் இருப்பவை பெரும்பாலும் அந்தப் பாரமான எஞ்சின்கள் அல்ல. நிமிடத்துக்கு 3600 சுற்று வரை ஓடும் சிறிய, காற்றால் குளிரும் எஞ்சின்கள். வேகம் கூடியதால் அவை விரைவில் தேயும் என்பது உண்மை. ஆனால் உள்ளே இருப்பது அதே பிஸ்ரன், அதே றிங், அதே வால்வுதான்.

எனவே தராசுக்காரரைக் கூப்பிடுவதற்கு முன் அரை மணித்தியாலம் செலவழித்துப் பாருங்கள். சில்லைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு இடத்தில் வில்லை அழுத்துவது போல் எதிர்த்து, விட்டால் பின்னுக்குத் தள்ள வேண்டும். எதிர்ப்பே இல்லையென்றால் அழுத்தம் எங்கோ ஒழுகுகிறது. பிளக்கைக் கழற்றி, அந்தத் துவாரத்தால் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு, பிளக்கைப் பூட்டி மறுபடி சுற்றுங்கள். இப்போது எதிர்ப்பு வந்தால் தேய்ந்தது றிங் அல்லது சிலிண்டர். வராவிட்டால் குற்றம் அநேகமாக வால்வில். வால்வு என்றால் செலவு மிகக் குறைவு. அரைக்கும் பசையைப் பூசி, வால்வை அதன் இருக்கையில் வைத்து, முன்னும் பின்னுமாகத் திருகித் திருகி அரைத்தால், சுற்றிவர ஒரே அகலத்தில் சாம்பல் நிற வளையம் ஒன்று விழும். அது விழுந்தால் போதும். பசையை மண்ணெண்ணெயில் சுத்தமாகக் கழுவிவிட்டுப் பூட்ட வேண்டும். கழுவாமல் பூட்டி, திருத்திய எஞ்சினைத் தாமே கெடுத்தவர்களையும் பார்த்திருக்கிறோம்.

பிறகு சில்லை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் பெயாரிங் போய்விட்டது. ஒயிலை விரலில் எடுத்து வெயிலில் பாருங்கள். பால் போல் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. மினுமினுப்பு இருந்தால் உள்ளே உலோகம் உரசுகிறது. மண்ணெண்ணெய் மணத்தால் அதைப் பற்றிக் கீழே சொல்கிறோம். ஹெட்டைக் கழற்றிய பின் சிலிண்டரின் உட்சுவரில் நகத்தை மேல்நோக்கி இழுங்கள். மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே நகம் தடக்கினால், றிங் ஓடிய இடம் தேய்ந்து படி விழுந்திருக்கிறது. இந்த இடத்தில்தான் எமது ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். புது றிங் போட்டுத் தருகிறேன் என்று காசு வாங்குவார்கள். படி விழுந்த சிலிண்டரில் போட்ட புது றிங் ஒரு போகம்கூடத் தாங்காது. சிலிண்டரைக் கடைந்து பெருப்பித்து, அந்த அளவுக்குப் பெரிய பிஸ்ரன் போட வேண்டும். அங்குலத்தின் ஆயிரத்தில் 10, 20, 30, 40 பங்கு என்று படிப்படியாகப் பெரிய பிஸ்ரன்கள் பல எஞ்சின்களுக்கு வருகின்றன. அதாவது ஒரு சிலிண்டரை ஒரு தடவைக்கு மேல் கடையலாம். நல்ல கடைசல்காரர் முதலில் பிஸ்ரனைக் கையில் வாங்கி அளந்த பிறகே சிலிண்டரைத் தொடுவார். பிஸ்ரன் வர முன்னே கடைந்து வைப்பவரிடம் கொடுக்காதீர்கள்.

இறுகிப் போன எஞ்சினைச் சுத்தியலால் அடிப்பதும் வேண்டாம். பிளக் துவாரத்தால் டீசலும் ஒயிலும் கலந்து விட்டு, நாலைந்து நாள் ஊறவிட்டு, சில்லை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். பொறுமைக்கு இளகாத பிஸ்ரன் அடிக்கு உடையும்.

எதைத் திருத்தக் கூடாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். உடல் வெடித்தது, கிராங் வளைந்தது, கோனெக்ரிங் றொட் உடைந்து பக்கத்தால் வெளியே வந்தது ஆகியவற்றில் காசைக் கொட்ட வேண்டாம். ஆனால் அவற்றையும் முழுதாக விற்காதீர்கள். காபரேற்றர், மக்னெற், ஹெட், சில்லு என்று கழற்றி, ஒயில் பூசி, சாக்கில் கட்டி வைத்தால் அதே வகை எஞ்சின் இன்னொன்றுக்கு உதவும்.

இரண்டு வருடங்களுக்கு முன் நாம் பார்த்த ஒரு சம்பவம் இது. மன்னார்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம் ஒன்றிடமும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம் ஒன்றிடமும் ஒரே வகை எஞ்சின் பழுதாகிக் கிடந்தது. ஒன்றில் சிலிண்டர் நல்லது, கிராங் போய்விட்டது. மற்றதில் கிராங் நல்லது. இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கிக் கொடுத்தார் ஒரு முதியவர். எஞ்சின் ஒரே இழுவையில் ஸ்ராட் ஆனது. உடனே சண்டையும் ஸ்ராட் ஆகிவிட்டது. எஞ்சின் யாருடையது? "உடம்பு எங்கட" என்றது ஒரு வீடு. "உசிர் எங்கட" என்றது மற்ற வீடு. கடைசியில் நாள் மாறி நாள் இறைப்பது, ஒயிலும் பிளக்கும் பாதிப் பாதி என்று முடிவாகியது. ஒரு போகம் அப்படியே நடந்தது. இரண்டாம் போகத்தில் ஒரு வீடு தன் பங்கை மற்ற வீட்டுக்கு விற்றுவிட்டது. இதில் எமக்கு ஏமாற்றம் இல்லை. விற்ற விலை, இரும்பு விலையைப் போலப் பல மடங்கு.

மண்ணெண்ணெய் எஞ்சின் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பெற்றோலில் ஸ்ராட் செய்து, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்கு முன் மறுபடி பெற்றோலுக்கு மாற்றிச் சற்று ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் காபரேற்றரில் மண்ணெண்ணெய் தங்கி, மறுநாள் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்மூட்டு கழன்றுவிடும். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் முழுதாக எரியாது. எரியாதது றிங்கைத் தாண்டிக் கீழே வடிந்து ஒயிலோடு கலக்கும். ஒயிலின் அளவு குறையாமல் கூடினால் சந்தோஷப்படாதீர்கள்; அது ஒயில் அல்ல. அந்த நீர்த்த ஒயிலில் ஓடும் பெயாரிங் பாவம். சிறிய எஞ்சின்களுக்குத் தேவையான ஒயில் பெரும்பாலும் ஒரு லீற்றரை எட்டாது. அந்தச் செலவை மிச்சம் பிடித்துக் கிராங்கை இழப்பது கணக்கறியாத வேலை.

வடக்கில் 1990இல் போர் மீண்டும் மூண்டு எரிபொருள் தடை வந்தபோது, அங்கே தங்கியிருந்தவர்கள் சின்னப் போத்தலில் வைத்திருந்த பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றரில் விட்டு உதைத்து, பின் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளே ஓட்டினார்கள். இல்லாமை கற்றுக்கொடுத்த வித்தை அது. 2022 ஓகஸ்ற்றில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவுக்கு ஏறியபோது, எமது தோட்டக்காரரும் மீன்பிடிக்காரரும் திகைத்து நின்றார்கள். அப்போது பழைய எஞ்சின் எண்ணெய் குடிக்கும் என்று சொல்லி விற்றவர்கள் பலர். தேய்ந்த எஞ்சின் எண்ணெய் குடிக்கும் என்பது சரி. பழைய எஞ்சின் எல்லாம் தேய்ந்த எஞ்சின் அல்ல. கடைந்து, றிங் போட்டு, வால்வு அரைத்த எஞ்சினும் அப்படியே விட்ட எஞ்சினும் ஒரே பாத்திக்குத் தண்ணீர் விட எவ்வளவு எரிக்கின்றன என்பதைப் போத்தலால் அளந்து பாருங்கள்.

இந்தக் கரையில் எஞ்சினைக் கொல்வது வயதல்ல. மணலும் உப்புக் காற்றும்தான். காற்று வடிகட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள், "இழுவை கூடுது பாதர்" என்று காரணமும் சொல்வார்கள். கற்பிட்டி மணல் உள்ளே போனால் அது அரைக்கும் பசையின் வேலையைச் சிலிண்டர் முழுவதும் செய்யும். இன்னொன்று, எஞ்சின் பழுது என்று கொண்டுவரப்படுபவற்றில் பல உண்மையில் பம்பின் பழுது. உறிஞ்சும் குழாயில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் காற்று இழுத்துத் தண்ணீர் ஏறாது. குழாய் முனையிலுள்ள வால்வில் ஒரு சிறு கல் சிக்கினாலும் அப்படித்தான். எஞ்சினைத் திறக்க முன் குழாயைப் பாருங்கள்.

பெரிய புதுப் பம்ப் வாங்கினால் வேலை விரைவாக முடியும் என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கற்பிட்டிக் குடாநாட்டு மணலுக்குக் கீழே நன்னீர் உப்பு நீரின்மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் அதன் கீழே சுமார் 40 அடி நன்னீர் நிற்கும் என்பது நிலத்தடி நீர் ஆய்வாளர்களின் பொதுக் கணக்கு. கிணற்று மட்டத்தை அவசரமாக ஓரடி இறக்கினால் கீழிருந்து உப்பு எவ்வளவு மேலே எழும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். மெதுவாக, விட்டுவிட்டு இறைக்கும் சின்ன எஞ்சின் இந்த மண்ணுக்குப் போதும்.

சூரிய ஒளிப் பம்ப் பற்றியும் கேட்கிறார்கள். சொந்த உறுதி உள்ள காணியில், சொந்தக் கிணற்றில் அது நல்லது, நாமும் ஆதரிக்கிறோம். ஆனால் குத்தகைக் காணிக்காரர் அடுத்த வருடம் எங்கே இருப்பார்? 2009க்குப் பின் முசலிப் பக்கம் போன குடும்பங்களில் சில அங்கே காடு வெட்டியும் இங்கே பிள்ளைகளைப் பள்ளிக்கு விட்டும் இரண்டு இடத்திலும் கால் வைத்திருக்கின்றன. அவர்களுக்கு வேண்டியது சைக்கிள் கரியரில் கட்டியோ பஸ்ஸில் ஏற்றியோ கொண்டுபோகக்கூடிய பம்ப்.

இனி உதவி செய்பவர்கள் பக்கம் வருவோம். சில வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனம் இப்பகுதிக் குடும்பங்களுக்குப் புதிய பம்புகள் கொடுத்தது. பதாகை கட்டி, படம் எடுத்து, கையொப்பம் வாங்கினார்கள். உதிரிப் பாகம் எங்கே கிடைக்கும் என்று ஒருவர் கேட்டதற்குப் பதில் வரவில்லை. இரண்டாம் வருடமே அவற்றில் பல நின்றுவிட்டன. அந்த வகைக்குப் பிளக்கைத் தவிர எதுவும் இங்குள்ள கடைகளில் இல்லை. கொடுத்தவர்களின் மனம் நல்லதுதான். ஆனால் அந்தப் பணத்தில் ஒரு பகுதிக்கு மைக்ரோமீற்றர், வால்வு ஸ்பிறிங் கழற்றும் ஆயுதம், பொருந்தும் அளவில் ஸ்பனர் செற், ஊரில் அதிகம் பாவனையிலுள்ள இரண்டொரு வகைக்கு றிங்கும் கஸ்கற்றும் வாங்கி ஒரு கமக்காரர் சங்கத்திடம் வைத்திருக்கலாம். பம்ப் கொடுத்தால் படத்தில் தெரியும்; கஸ்கற் கொடுத்தால் தெரியாது. இதைக் கசப்போடு சொல்கிறோம் என்று யாரும் நினைத்தால் நினைக்கட்டும்.

எம்மையும் இதில் விட்டுவிட முடியாது. நாமும் இளைஞர்களுக்கு மூன்று மாத எஞ்சின் பயிற்சி ஒன்று நடத்தினோம். கரும்பலகையில் படம் வரைந்தோம். மேசைமேல் துடைத்து வைத்த எஞ்சின் ஒன்றைக் காட்டினோம். சான்றிதழ் கொடுத்தோம். சான்றிதழ் வாங்கியவர்களில் ஒருவர்கூட ஒரு எஞ்சினைத் திறக்கத் துணியவில்லை. பிறருடைய சாமானைக் கெடுத்துவிடுவோமோ என்ற பயம். பிறகுதான் முறையை மாற்றினோம். இப்போது வருபவர் தன் வீட்டில் செத்துக் கிடக்கும் எஞ்சினைத் தானே தூக்கி வர வேண்டும். கற்பிப்பவர் மேலே சொன்ன அதே முதியவர், எல்லோருக்கும் 'நாநா'. அவர் படம் வரைவதில்லை. றிங்கைச் சிலிண்டருக்குள் தள்ளி, அதன் இரண்டு முனைக்கும் இடையிலுள்ள இடைவெளியில் அளவுத் தகடு விட்டு, "ஒரு அங்குல விட்டத்துக்கு மூண்டு நாலு ஆயிரத்திலொண்டு, அதுக்குக் குறைஞ்சா சூட்டில இறுகும்" என்பார். பிறகு பேச மாட்டார். மாணவன் பூட்டும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். ஹெட் நட்டுகளை ஒரு பக்கமாக இறுக்கினால் மட்டும் கையில் தட்டுவார். மூலைக்கு மூலை, மூன்று தடவையாக இறுக்க வேண்டும்.

பெண்களும் வருகிறார்கள். கணவனை இழந்து தோட்டம் செய்யும் தாய்மார் பலர் பம்ப் ஸ்ராட் பண்ண அடுத்த வீட்டு ஆண்பிள்ளையைத் தேட வேண்டியிருந்தது. கயிற்றை அழுத்தம் வரும்வரை மெதுவாக இழுத்து, அந்த இடத்தைத் தாண்டியதும் விட்டு, பிறகு ஒரே இழுவையாக இழுக்கக் கற்ற பின் பலத்துக்கு அவ்வளவு வேலையில்லை. அவர்களில் ஒருவர் பொயின்ற் இடைவெளி சரிபார்ப்பதில் நாநாவுக்கு அடுத்தபடி நிற்கிறார். அவரிடம் சாமான் கொண்டுவர ஆண்கள் இன்னும் தயங்குகிறார்கள்.

வசதி படைத்தவர்களிடம் நாம் கேட்பது ஒரு சிறு கடைசல் இயந்திரம். இப்போது சிலிண்டர் கடைவதற்கு வெளியே அனுப்புகிறோம். போக வரவே நாட்கள் போகின்றன. சங்கங்களிடம் நாம் கேட்பது, இனி வாங்குவதானால் ஊருக்கு ஒரே வகை எஞ்சினாக வாங்குங்கள் என்பது. அப்போது ஒன்றின் பாகம் மற்றதற்கு உதவும். வயதானவர்களிடம் கேட்பது, வாரத்தில் ஒரு பின்னேரம்.

இதை எழுதும்போது நாநாவின் கொட்டிலில் மூன்று எஞ்சின்கள் திறந்து கிடக்கின்றன. ஒன்றுக்குப் பஞ்சிகாவத்தையிலிருந்து 20 அளவு பிஸ்ரன் வர வேண்டும். உரிமையாளர் நாளுக்கு இரண்டு தடவை வந்து சாக்கை நீக்கிப் பார்த்துவிட்டுப் போகிறார். அவர் வெங்காய நாற்று ஏற்கனவே போட்டுவிட்டார்.